பிரிமணையில் ஒரு வாடாமல்லி வளையம்

மொட்டை மாடியில் வாடாமல்லி அளவுக்கு மீறிப் போனதுதான் இதற்கெல்லாம் காரணம். போன ஆடியில் 12 குரோபேக்கில், பைக்கு இரண்டு நாற்று என்று 24 செடி வைத்தேன். அரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டேன். ஐப்பசியில் பார்த்தால் ஏன் கிள்ளினோம் என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு செடியும் பக்கக்கிளை விட்டு நாற்பது ஐம்பது பூவோடு நின்றது. சாமி படங்களுக்குப் போட்டு, பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்து, தெருமுனைப் பிள்ளையாருக்கும் கட்டிக் கொடுத்த பிறகும் மிச்சம். ஓணத்துக்கு முன்னால் என்றால் கோவை பூ மார்க்கெட்டில் வாடாமல்லிக்குத் தனி மரியாதை உண்டு. பாலக்காட்டுப் பக்கம் மூட்டை மூட்டையாகப் போகும். ஐப்பசி மழையில் அதைச் சீண்ட ஆளில்லை.

கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைவாசல்களில் பிளாஸ்டிக்கில் ஒரு பச்சை வட்டம் மாட்டுவார்களே, அதைக் காய்ந்த பூவில் செய்து நம் கதவில் மாட்டினால் என்ன என்று தோன்றியது. தோன்றியதை வீட்டில் சொன்ன விதம்தான் தப்பு.

"அத்தை, இந்த வாடாமல்லியைக் காயவெச்சு, மலர்வளையம் மாதிரி ஒண்ணு செஞ்சு வாசல்ல மாட்டலாம்னு இருக்கேன்."

அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"ஏன் அம்மிணி, ஊட்ல எல்லாரும் நல்லாத்தான இருக்கறோம்?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. நம் ஊரில் மலர்வளையம் என்றால் அது போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். செய்தித்தாளில் தினமும் யாராவது யாருக்காவது மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள். அந்தச் சொல்லை அன்றோடு விட்டேன். வளையம் என்று மட்டும் சொன்னேன். அதற்கும் அத்தையிடம் பதில் இருந்தது. சாமி படத்தில் நேற்றுப் போட்ட பூவையே விடிந்ததும் எடுத்துவிடுகிறோம், காய்ந்த பூவைத் தேடிப் பிடித்து வாசலில் தொங்கவிடுவது என்ன வழக்கம்?

நியாயமான கேள்விதான். பேசிக்கொண்டே எதேச்சையாக கேட்டைப் பார்த்தேன். போன போகியன்று அத்தையே தன் கையால் செருகிய காப்புக்கட்டு அப்படியே இருந்தது. கொங்கு நாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பொங்கலுக்கு முதல் நாள் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் ஒரு கொத்தாகக் கட்டி வாசல், கேட், மாட்டுக்கொட்டகை, காட்டு மூலை என்று எல்லா இடத்திலும் செருகுவோம். அதை யாரும் எடுப்பதில்லை. அடுத்த தை வரைக்கும் அங்கேயே காயும். எங்கள் கேட்டில் இருந்ததில் வேப்பிலை உதிர்ந்து குச்சியாகியிருந்தது, ஆவாரம்பூ கறுத்துச் சுருண்டிருந்தது. பூளைப்பூ மட்டும் பத்து மாத வெயிலையும் மழையையும் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தூசி படிந்து, அப்படியே வெள்ளையாக நின்றது.

"இதுவும் காஞ்ச பூதான அத்தை?"

"அது காப்பு. அது வேற."

சரி, வேற என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு வேண்டிய பிடி கிடைத்துவிட்டது.

முதல் தடவை ஐப்பசிக் கடைசியில் அறுத்தேன். செய்முறை சுலபமாகத்தான் தெரிந்தது. காம்பை முடிந்தவரை நீளமாக வெட்டு, இலையை உருவு, பத்துப் பத்தாகக் கட்டு, தலைகீழாகத் தொங்கவிடு. மாடிப்படிக்கு மேலே இருக்கும் சின்ன அறையில் துணிக்கொடி கட்டி 20 கட்டு தொங்கவிட்டேன். நான்காம் நாள் பூவைத் தொட்டுப் பார்த்தேன், காகிதம் மாதிரி சரசரவென்றிருந்தது. காய்ந்துவிட்டது என்று எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கி மூடி வைத்தேன்.

பத்து நாள் கழித்துத் திறந்தால் பழைய சாக்கு வாசனை. தலைக்குக் கீழே இரண்டு குட்டி இலை ஒட்டிக்கொண்டிருக்கும் கழுத்துப் பகுதி முழுக்கச் சாம்பல் நிறப் பூஞ்சை. தூக்கினால் தலை தனியாக, காம்பு தனியாக வந்தது. பாதிக்கு மேல் குப்பை.

ஏமாந்த இடம் இதுதான். வாடாமல்லியில் நாம் பூ என்று பார்ப்பது பூ இல்லை. அந்த ஊதா நிற உருண்டை முழுக்கப் பூவடிச் செதில்கள், உண்மையான பூ அவற்றுக்கிடையே ஊசிமுனை அளவில் எட்டிப் பார்க்கும். செதில்களில் ஈரம் மிகக் குறைவு. செடியில் இருக்கும்போதே அது காகிதம் மாதிரிதான் இருக்கும். அதனால் பூவைத் தொட்டுப் பார்த்துக் காய்ந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்கவே முடியாது. காம்பைப் பார்க்க வேண்டும், அதிலும் கணுவை. கணுவுக்குப் பக்கத்தில் பிடித்து வளைத்தால் படக்கென்று முறிய வேண்டும். நார் மாதிரி மடங்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது. மழைக்காலத்தில் அந்த நிலைக்கு வர மூன்று வாரம் ஆனது, அதுவும் ஃபேன் போட்டு. மாசியில் எட்டே நாள்.

தலைகீழாகத் தொங்கவிடுவதற்குப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நிமிர்த்தி வைத்தால் கழுத்து வாடும்போது தலை தொங்கும், அப்படியே காய்ந்து கோணிக்கொள்ளும். கவிழ்த்தால் தலையின் கனமே காம்பை நேராக்கிவிடுகிறது. இருட்டு மட்டும் கண்டிப்பாக வேண்டும். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும்தான், நிறமும் கூடவே போகும். ஒரு கட்டை மொட்டை மாடித் தரையில் போட்டுப் பார்த்தேன். ஒரே வாரத்தில் சலவைக்குப் போட்ட சாயம்போன புடவை நிறம்.

கட்டுவதற்கு நூல் வேண்டாம், ரப்பர் பேண்ட் போடுங்கள். காம்பு காயக் காய இளைக்கும். நூலில் கட்டியவை ஒவ்வொன்றாக நழுவிக் கீழே விழுந்தன. ரப்பர் பேண்ட் கூடவே சுருங்கிப் பிடித்துக்கொள்கிறது.

முதல் தடவை தோற்றதில் ஒரு லாபம், தை மாதம் வரை சும்மா இருக்க வேண்டி வந்தது. அந்த இடைவெளியில் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பூவையும் காயவைத்துப் பார்த்தேன். காயவைத்தால் நிலைப்பவை எவை என்று பார்த்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. வாடாமல்லி, கோழிக்கொண்டை, பூளை மூன்றும் ஒரே குடும்பம், கீரைக் குடும்பம். நாம் பொரியலுக்கு அரியும் அரைக்கீரை, தண்டுக்கீரை, சிறுகீரை எல்லாம் இவற்றின் பங்காளிகள். இந்தக் குடும்பத்துப் பூக்களுக்கு மென்மையான இதழ் கிடையாது, வறண்ட செதில்தான். வாடாமல்லியிலும் கோழிக்கொண்டையிலும் இருக்கும் சிவப்பும் ஊதாவும் பீட்ரூட்டில் இருக்கும் அதே வகைச் சாயம். பீட்ரூட்டும் இந்தக் குடும்பம்தான். காய்ந்த பிறகும் அந்தச் சாயம் வெளிச்சம் படாத வரை நன்றாக நிற்கிறது.

கோழிக்கொண்டையில் கைநிறைய வேலை. பெரிய மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் ரகம் பார்க்கத்தான் அழகு. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், வெட்டும்போது 60 கிராம் இருந்த ஒரு கொண்டை காய்ந்தபின் 9 கிராம். அவ்வளவு தண்ணீரும் அந்த மடிப்புகள் வழியாக வெளியேற வேண்டும். மடிப்புக்குள் புழு இருந்தால் வெளியே தெரியாது, காய்ந்த பிறகு கீழே தூள் தூளாகக் கொட்டும்போதுதான் தெரியும். இப்போதெல்லாம் கொண்டையை விரலளவு துண்டுகளாகப் பிய்த்துத்தான் காயவைக்கிறேன். கீழே ஒரு செய்தித்தாள் விரித்துவிடுங்கள், கடுகை விடச் சின்னதாகக் கறுப்பு மணி மாதிரி விதை உருண்டுகொண்டே இருக்கும். அடுத்த வருட நாற்றுக்கு அதுவே போதும்.

இதைவிட எனக்குப் பிடித்துப்போனது காட்டுக் கோழிக்கொண்டை, அதாவது பண்ணைக்கீரை. காட்டில் களையாக முளைக்கும், இளசாக இருக்கும்போது கடைந்து சாப்பிடுவோம். முற்றவிட்டால் மெழுகுவர்த்தி மாதிரி ஒரு கதிர், நுனி ரோஸ், அடி வெள்ளி நிறம். காயவைக்கக் கஷ்டமே இல்லை. ஐந்து நாளில் காய்ந்து, நிறம் கொஞ்சம் வெளுத்து, பட்டு மாதிரி மினுக்கிறது. காசு கொடுத்து விதை வாங்கி வளர்த்த கோழிக்கொண்டையைவிட, எதிர்க் காலிமனையில் தானாக முளைத்த இது மேல். அதில் பத்துச் செடியைப் பிடுங்கி வந்து மாடியில் நட்டுவிட்டேன், ஆகவே இதுவும் வீட்டுச் செடிக் கணக்கில் சேரும்.

காகிதப்பூ பெயருக்கு ஏற்றபடி காய்கிறது, நிறமும் அப்படியே நிற்கிறது. அது அந்திமந்தாரைக் குடும்பம். ஆனால் காய்ந்தபின் அப்பளம். கை பட்டாலே நொறுங்கும். வளையத்தில் வைத்த அன்றே ஃபேன் காற்றில் பாதி உதிர்ந்தது. செண்டுமல்லி வேண்டவே வேண்டாம். முழுப் பூவும் சுருங்கி, ஓரம் தீய்ந்த பக்கோடா மாதிரி ஆகிவிடும். பன்னீர் ரோஜாவை ஆற்றுமணலில் புதைத்து வைத்துப் பார்த்தேன். மணலை நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, சலித்து, எவர்சில்வர் தூக்கில் பூவை நிமிர்த்தி வைத்து மெதுவாக மணலைக் கொட்டி மூட வேண்டும். 12 நாள் கழித்து எடுத்தபோது வடிவம் பிரமாதம், நிறம் மட்டும் கறுத்த பீட்ரூட். இரண்டு நாள் மழைக்காற்று அடித்ததும் இதழெல்லாம் திரும்ப ஈரத்தை இழுத்துக்கொண்டு தொங்கிவிட்டது. கண்ணாடி ஜாடிக்குள் மூடி வைக்கலாம், வாசலில் மாட்ட ஆகாது.

ஊட்டியில் கடைகடையாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, மஞ்சளும் செம்பும் ரோஸுமாகச் சரசரக்கும் பூ, அதன் விதையும் கார்த்திகையில் போட்டேன். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த செடி, குளிர்ந்த இடத்துப் பழக்கம். முப்பது முளைத்தது, ஏழு பிழைத்தது. மாசிக் கடைசியில் பூத்தது. நன்றாக மலரட்டும் என்று காத்திருந்து வெட்டினேன், அதுதான் தப்பு. வெட்டிய பிறகும் அது மலர்ந்துகொண்டே போகும். வெளிச்சுற்று இதழ் இரண்டு மூன்று வரிசை விரிந்திருக்கும்போதே, நடுமொட்டு மூடியிருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். முழுக்க மலர்ந்ததை வெட்டினால் இதழெல்லாம் பின்னால் மடங்கி, நடுவில் பஞ்சு தெரியும். கழுத்தும் வலுவில்லை, பச்சையாக இருக்கும்போதே கம்பி செருகிவிட வேண்டும். ஏழு செடிக்கு இவ்வளவு உபசாரம் செய்ய எனக்குப் பொறுமை இல்லை.

காய்களில் துத்திக்காய் நன்றாக அமைந்தது. பல் சக்கரம் மாதிரி வட்டமாக, கறுப்புப் பழுப்பில், செடியிலேயே காய்ந்து நிற்கும். ஆமணக்குக் காயையும் வைத்துப் பார்த்தேன். காய்ந்து வெடித்தபோது கொட்டை அறை முழுக்கத் தெறித்தது. விஷக்கொட்டை, வீட்டில் குழந்தை வேறு இருக்கிறது, அன்றே எடுத்துவிட்டேன். தூத்துக்குடியில் இந்த உலர்பூ வேலையையே பெரிய தொழிலாகச் செய்து துறைமுகம் வழியாக வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். பூவும் காயும் மட்டையும் ஓடுமாகச் சேகரித்து, வெளுத்து, சாயம் ஏற்றுவார்கள். வீட்டில் வெளுப்பு மருந்தோடு விளையாட எனக்கு விருப்பமில்லை, அதனால் இயற்கை நிறத்தோடே நிறுத்திக்கொண்டேன்.

பூ தயார் என்றால் அடுத்தது வட்டம். திராட்சைக் கொடியை வளைத்துச் செய்வது என்று எல்லா இடத்திலும் சொல்லியிருந்தது. திராட்சைக்கு நான் எங்கே போவேன்? பின்பக்கச் சுவரில் சீந்தில் கொடி கயிறு கயிறாகத் தொங்கியது. கட்டைவிரல் கனம், வளைத்தால் வளைகிறது, கணக்கில்லாமல் கிடைக்கிறது. நான்கு சுற்றுச் சுற்றி அருமையான ஒரு வளையம் செய்து, தப்பிப் பிழைத்த வாடாமல்லியை அதில் கட்டி, பின்கட்டில் ஒத்திகைக்கு மாட்டினேன். மூன்று வாரம் கழித்து வளையத்திலிருந்து ஒரு தளிர். அப்புறம் இன்னொன்று. இதய வடிவில் பளபளவென்று இலைகள், கூடவே கீழ்நோக்கி நூல் மாதிரி ஒரு வேர், மண்ணைத் தேடிக்கொண்டு.

சீந்திலுக்கு அமிர்தவல்லி என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. அறுத்துப் போட்டாலும் அது மாதக்கணக்கில் சாகாது. உயிரோடிருக்கும் கொடியின் ஈரத்தில் என் காய்ந்த பூவெல்லாம் மறுபடி நமுத்துவிட்டது. வீட்டுக்காரர் அதைத் தொட்டியில் வைத்துவிடச் சொன்னார். வைத்தேன், இப்போது அது கம்பிவேலி ஏறிவிட்டது.

அடுத்து ரங்கூன் மல்லிக் கொடி. இது நல்ல கட்டை, காய்ந்தால் இரும்பு. வெட்டிய அன்றே வளைக்க வேண்டும், மறுநாள் வளைத்தால் முறியும். இலைக்காம்பின் அடிப்பாகம் முள்ளாக மாறி நிற்கும் என்பதை மறந்து வெறுங்கையால் உருவினேன், உள்ளங்கை கிழிந்தது. கையுறை போட்டுக்கொண்டு மூன்று வளையம் செய்தேன். உறுதியாக இருந்தது. ஆனால் கொடிக்குக் கொடி இடைவெளி அதிகம், மெல்லிய வாடாமல்லிக் காம்பு பிடிமானம் இல்லாமல் சுழன்றுகொண்டே இருந்தது.

மூன்று நாள் நான் அல்லாடுவதை அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள், "ஒரு பிரிமணை சுத்தறதுக்கு இத்தன பாடா?" என்றார்.

பிரிமணை! மண்பானையும் குடமும் உருளாமல் உட்கார வைக்க வைக்கோலில் சுற்றும் வளையம். என் கல்யாணத்தின்போது இந்த வீட்டுச் சமையலறையில் இரண்டு இருந்தன, கேஸ் அடுப்பு மேடைக்கு டைல்ஸ் போட்டபோது தூக்கிப் போட்டோம். கண்ணெதிரே இருந்ததை விட்டுவிட்டுத் திராட்சைக் கொடி தேடியிருக்கிறேன்.

பேரூர்ப் பக்கம் மாடு வைத்திருக்கும் சொந்தக்காரர் வீட்டிலிருந்து வைக்கோல் வந்தது. அத்தை ஒரு பிடியை உருவிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பச் சொன்னார். மெஷின் அறுப்பு வைக்கோலாம். மெஷினில் போய் வந்தால் தாள் நசுங்கி, துண்டு துண்டாகிவிடும், புரி திரிக்க வராது. கையறுப்பு வைக்கோல் கிடைக்க இன்னும் ஒரு வாரம் ஆனது. தாளெல்லாம் இரண்டரை அடி நீளம், பொன் நிறம்.

தண்ணீர் தெளித்து அரைமணி நேரம் சாக்கில் சுருட்டி வைத்தார். பிறகு ஒரு மணிக்கட்டுக் கனத்துக்கு வைக்கோலை எடுத்து, முனைகள் ஒரே இடத்தில் முடியாதபடி தள்ளித் தள்ளிச் சேர்த்து, இறுக்கி வளைத்தார். இன்னொரு சின்னப் பிடியைத் தொடையில் வைத்துத் திரித்துப் புரியாக்கி, அந்த வளையத்தின் மேல் சாய்வாகச் சுற்றிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இழுப்பு. கடைசி முனையை முதல் சுற்றுக்கடியில் குச்சியால் நெம்பி நுழைத்து இழுத்ததும் முடிச்சே இல்லாமல் நின்றுவிட்டது. இருபது நிமிடம். நான் சுற்றியதும் நின்றது, வட்டமாக இல்லை, அவ்வளவுதான். வெளிவிட்டம் 12 அங்குலம், கனம் ஒன்றரை அங்குலம் வரும்படி நான்கு செய்துகொண்டோம். மூன்று நாள் நல்ல வெயில் காட்டினேன். வைக்கோலுக்குள் ஈரம் நின்றால் ஐப்பசிக் கதைதான்.

கட்டும் வேலை மாசி நடுவில். அதற்குள் தையில் பூத்தவை நூற்றுக்கணக்கில் காய்ந்து தயாராக இருந்தன. உருண்டை முழு வட்டமாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும், நீண்டு முட்டை வடிவமானால் அடிச்செதில் உதிர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்த அறுவடையில் இதை மட்டும் கவனித்தேன், உதிர்வது வெகுவாகக் குறைந்தது.

எதை வைத்துக் கட்டுவது? முதலில் வாழைநார். பூக்கட்ட நமக்குத் தெரிந்தது அதுதானே. நனைத்த நார் ஈரத்தை உள்ளே கொண்டுபோகிறது, காய்ந்தபின் தளர்கிறது. தளர்ந்தால் பூக்காரம்மாவின் கைமுடிச்சே நிற்காது, என் முடிச்சா நிற்கும்? ஹாட் குளூ நன்றாக ஒட்டியது, வெயிலில் மேற்குப் பார்த்த இரும்புக் கதவில் இளகி, காலையில் மாட்டியது மாலையில் தரையில். கடைசியில் கைகொடுத்தது மோட்டார் சுற்றும் செம்புக் கம்பி. கோவையில் தெருவுக்கு ஒரு ரீவைண்டிங் கடை இருக்கும், அங்கே மீதமான சுருளை எடைக்கு வாங்கலாம். 26 கேஜ் சரியாக இருக்கிறது. அதைவிட மெல்லிசு காம்பை அறுக்கும், கனம் என்றால் விரல் நோகும். மேல்பூச்சு பழுப்பாக இருப்பதால் வைக்கோலோடு வைக்கோலாக மறைந்துவிடும்.

நேரம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். மாசி மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் எல்லாம் கண்ணாடி மாதிரி நொறுங்கும். விடிகாலையில் காற்றில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போது காம்பு சற்று வளைந்துகொடுக்கும். நான் ஆறு மணிக்கு உட்கார்ந்து பத்து மணிக்கு எழுந்தேன்.

ஆறு பூவை ஒரு கொத்தாகச் சேர்த்து, காம்பை மூன்று அங்குலத்துக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். எல்லாக் கொத்தையும் முதலிலேயே செய்து வைத்துக்கொள்வது நல்லது, நடுவில் எழுந்தால் கம்பியின் பிடி தளரும். கம்பியின் ஒரு முனையை பிரிமணையில் இறுக்கிக் கட்டிவிட்டு, கடைசிவரை அறுக்காமல் சுற்றிக்கொண்டே போக வேண்டும். உள்விளிம்பில் ஒரு கொத்து, மேலே ஒன்று, வெளிவிளிம்பில் ஒன்று. மூன்றுக்கும் தனித்தனியாக மூன்று சுற்று. அடுத்த வரிசைத் தலைகள் முந்தைய வரிசைக் காம்புகளை மூட வேண்டும். பூ ஜடையில் கொத்தை மேலேற்றி மேலேற்றி வைப்போமே, அதே கணக்கு. வரிசைக்கு வரிசை மூன்று விரல் தூரம். முழு வட்டத்துக்கு எனக்கு 14 வரிசை ஆனது, 42 கொத்து, 252 பூ. கடைசி வரிசையை முதல் வரிசைத் தலைகளைத் தூக்கி அடியில் செருகுவதுதான் கஷ்டம், ஒரு தேக்கரண்டிக் காம்பை வைத்து நெம்பினேன்.

நடுநடுவே பண்ணைக்கீரைக் கதிரும் கோழிக்கொண்டைத் துண்டும் துத்திக்காயும் சேர்த்தேன். ஒரு பக்கம் மட்டும் பூளைப்பூவை ஒரு பிடி வைத்தேன். பூளை வைத்தது அழகுக்கு மட்டும் என்று சொன்னால் பொய். அது இருந்தால் அத்தை ஒன்றும் சொல்ல மாட்டார் என்று ஒரு கணக்கு. கீழே மூன்று நெற்கதிர் தொங்கவிட்டது அவருடைய யோசனை.

மாட்டிய பத்தாம் நாள் கதவடியில் காபித்தூள் மாதிரி ஒரு பொடி. உற்றுப் பார்த்தால் கடுகை ஒத்த பழுப்பு வண்டு, கோழிக்கொண்டைத் துண்டு ஒன்றை ஓட்டை போட்டுக்கொண்டிருந்தது. சமையலறை மஞ்சளிலும் கொத்தமல்லியிலும் விழும் அதே சாதி. வளையத்தைக் கழற்றி, பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தேன். ஐஸ் ட்ரே, பச்சைப் பட்டாணி எல்லாம் வெளியே வந்தன. எடுத்ததும் பையைத் திறந்துவிடக் கூடாது. குளிர் போகும்வரை மூடியபடியே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பூவெல்லாம் வேர்த்துவிடும். வண்டு அதோடு ஒழிந்தது. இப்போது காய்ந்த பூவைச் சேமிக்கும் டப்பாவில் நொச்சியிலை போட்டு வைக்கிறேன், தானியத்துக்குப் போடுவது போலத்தான்.

பூ கெட்டியாக நிற்க ஹேர் ஸ்ப்ரே அடிக்கலாம் என்பார்கள். ஒன்றில் அடித்துப் பார்த்தேன். பிசுபிசுப்பில் தெருத் தூசி மொத்தமும் ஒட்டி, இரண்டே மாதத்தில் ஒட்டடை நிறம். அடிக்காத வளையத்தை ஹேர் டிரையரைக் குளிர் காற்றில் வைத்து ஊதினால் தூசி போய்விடுகிறது.

நிறத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மேற்குப் பார்த்த வாசலில் மாட்டியது மூன்று மாதத்தில் ஊதாவிலிருந்து வைக்கோல் நிறத்துக்குப் போய்விட்டது. அதே அறுவடையில் செய்த இரண்டாவது வளையம் கூடத்தில், வெயில் படாத சுவரில் இருக்கிறது. அது இன்னும் கட்டிய அன்று இருந்தபடிதான், கொஞ்சம் ஆழம் குறைந்திருக்கிறது. அப்புறம் நெருப்பு. வைக்கோலும் காய்ந்த பூவும் சேர்ந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. தீபாவளி வாரத்திலும் திருக்கார்த்திகைக்கு வாசல்படியில் விளக்கு வைக்கும் நாட்களிலும் கழற்றி உள்ளே வைத்துவிடுவதாக முடிவு.

நாலாவது பிரிமணையை அத்தை தன்வசம் எடுத்துக்கொண்டார். அதன்மேல் மண்பானை உட்கார்ந்திருக்கிறது.

வாசல் வளையம் இப்போது முழுதாக இல்லை. முதலில் சிட்டுக்குருவி வந்து நெற்கதிரை மொட்டையாக்கியது. அத்தைக்கு அதில் சந்தோஷம். போன வாரம் அணில் கண்டுபிடித்துவிட்டது. பூவை விட்டுவிட்டு, பின்பக்கமாகப் புகுந்து வைக்கோலை உருவி உருவிக் காகிதப்பூச் செடிக்குள் கூடு கட்டுகிறது. வலப்பக்கம் செம்புக் கம்பி மட்டும் தெரிகிறது. மிச்சமிருக்கும் பூக்களை உதிர்த்து விதையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு செதிலுக்கு உள்ளேயும் பஞ்சு சுற்றிய ஒரு விதை. ஆடிக்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கிறது, இந்தத் தடவை 40 செடி.